கல்லும் நாளும்

சவ்வாது மலைக்கு இப்பால் அணைக்கட்டு, அப்பால் செங்கம். செங்கம் பகுதிச் சிற்றூர்களில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் பல்லவர் கால எழுத்துகளைத் தாங்கியவை. மன்னனின் ஆட்சியாண்டு, பூசலில் பட்ட வீரனின் பெயர், அவன் ஊர் என்பனவே பெரும்பாலும் அவை கூறும் செய்தி. எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்னும் நாயும் பெயர் பெற்றுவிட்டது. பூசல் ஏன் மூண்டது என்பதற்குத்தான் கல்லில் இடமில்லை. கையறுநிலை பாடிய புலவர்க்கும் இதே வழக்கம் உண்டு என்பதைக் கவிஞர்கள் அறிவர்.

இந்நிலப்பரப்பில் 1980ஆம் ஆண்டு இரண்டு நாட்களை நட்டுச் சென்றது. ஆகஸ்ட் 6 அன்று, அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில், நக்சலைட்டுகளைப் பிடித்து ஏற்றிவந்த வாகனத்தில் வெடிகுண்டு வெடித்தது. ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர் மூவரும் மாண்டனர். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வால்டர் தேவாரம் தலைமையில் வேட்டை தொடங்கிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் 'அஜந்தா'. மாண்ட ஆய்வாளரின் சிறு மகளது பெயர். ஐந்து வாரங்கள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, தருமபுரிப் பகுதியில் இரட்டைக் குவளை முறையையும் கந்துவட்டியையும் எதிர்த்துவந்த பாலன், கைது செய்யப்பட்ட நிலையில் உயிர்நீத்தார். காவலர் அடித்தே கொன்றனர் என்பது இயக்கத்தாரின் குற்றச்சாட்டு.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகள் வகுக்கிறது. கல்லை நட்டபின் எஞ்சுவன படையலும் வாழ்த்தும். திருப்பத்தூர் நினைவுத்தூணில் ஆகஸ்ட் 6தோறும் மலர்வளையம் வைத்துத் துப்பாக்கி முழக்குவது அதுவே. நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் நினைவிடத்தில் செப்டம்பர் 12இல் செங்கொடி ஏற்றி முழக்கமிடுவதும் அதுவே. ஒருவர் கல்லின்முன் மற்றவர் நிற்பதில்லை. இரு படையலிலும் மரணம் நினைக்கப்படுகிறது. குவளையும் வட்டியும் நாளாக ஆகப் பின்னே தள்ளப்படுகின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்நாளைக் கொண்டாட இங்கே ஒரு கல்லும் நடப்படவில்லை என்பது வியப்பன்று. சட்டத்துக்கு வீரமரணம் இல்லையே!

2012இல் அதே நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகள், ஒரு கலப்புமணத்தைக் காரணம் காட்டித் தீக்கிரையாக்கப்பட்டன. எரிந்த வீடுகள் 250க்கும் மேல். நாள் நவம்பர் 7. உலகெங்கும் இடதுசாரிகள் ருஷ்யப் புரட்சியைக் கொண்டாடும் நாள்.