நான்கெல்லையும் இரண்டு சாட்சிகளும்: நிலப் பத்திரம் கடந்து வந்த பாதை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸா மாணவரிடம் கேட்டால் உடனே விடை வரும்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றி. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும்; கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும்; சாட்சிகள் இருக்க வேண்டும்; தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பலாகாது என அது விரிவாக வழிகாட்டுகிறது. ஆயினும் நம் குடும்பங்களில் சொத்து விஷயம் வரும்போது, "நமக்குள் எதற்குப் பத்திரம்?" என்ற பேச்சே முதலில் எழுகிறது. சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளும், அவர்களைப் பயில வைக்கும் பெற்றோரும், பத்திரம் என்னும் ஏற்பாட்டின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலை அறத்துக்கு வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபுச் சட்டத்தின் அடித்தளமாக அறிஞர்கள் கொள்ளும் நிகழ்வு இது. அந்த அறக்கொடை பின்னர் எழுத்திலும் பதிவானதை அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம்.

அடுத்த நூற்றாண்டுகளில் பத்திரம் எழுதுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அதற்கு 'இல்முஷ் ஷுரூத்' என்று பெயர். ஹிஜ்ரி 321இல் மறைந்த எகிப்திய ஹனஃபி அறிஞர் இமாம் தஹாவீ அவர்கள், விற்பனை, வாடகை, வக்ஃபு முதலியவற்றுக்கான பத்திர வாசகங்களைத் தொகுத்து நூல்களே எழுதினார்கள். அப்பத்திரங்களில் நிலத்தின் நான்கெல்லைகள் குறிக்கப்பட்டன. பின்னாளில் வேறொருவர் உரிமையை நிறுவி நிலத்தைப் பெற்றுக்கொண்டால் விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற உறுதியும் இடம்பெற்றது. அதற்கு 'ளமானுத் தரக்' என்று பெயர். இன்று நம் ஊர்க் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், நான்கெல்லை விவரமும், பின்னிட்டு வில்லங்கம் ஏற்பட்டால் விற்றவரே தீர்த்துத்தர வேண்டும் என்ற வாசகமும் அதிலும் இருப்பதைக் காணலாம்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பழைய ஃபிக்ஹு மரபில் சான்றின் உயிர், நேர்மையான சாட்சியின் வாய்மொழியே. எழுத்து அந்தச் சாட்சியின் நினைவுக்குத் துணை நின்றது. நவீன அரசுகள் இந்த வரிசையை மாற்றின. பதிவேடு முன்னுக்கு வந்தது, சாட்சி பின்னுக்குச் சென்றார்.

1858ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் உஸ்மானியப் பேரரசு தன் நிலச் சட்டத்தை வெளியிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையும் அவ்வாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. டோரன்ஸ் முறையில் பத்திரங்களின் சங்கிலியை ஆராய வேண்டியதில்லை. அரசுப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். நம்மவர் பலர் குடியேறிய மலேசியாவில் இம்முறையே வழங்குகிறது.

இந்தியா வேறு வழியில் சென்றது. 1864இல் சில பத்திரங்களுக்குப் பதிவு கட்டாயமாயிற்று. பின் பல திருத்தங்களைக் கடந்து 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் நிலைபெற்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே நிகழும் என விதித்தது. ஆனால் இங்கே பதிவாவது பத்திரமே, உரிமை அன்று. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று தீர்ப்பது சார்பதிவாளரின் பணியன்று என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றைச் செல்லாது என அறிவித்த 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பட்டாவும் வருவாய்த் துறையின் ஆவணமே. அது மட்டும் உரிமைக்கு முடிவான சான்றாகாது. ஆதலால்தான் தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு பத்திரத்தையும், வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் ஒப்புநோக்குகிறார். சட்டம் பயில்வோர் முதலில் கைவரப்பெற வேண்டிய பயிற்சி இதுவே.

நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் பகுதி ஹிபா. சொத்து மாற்றச் சட்டத்தின்படி அசையாச் சொத்தைத் தானமாக வழங்கப் பதிவுப் பத்திரமும் இரண்டு சாட்சிகளும் தேவை. ஆனால் அச்சட்டத்தின் 129ஆம் பிரிவு முஸ்லிம் சட்டத்தின் விதிகளுக்கு விலக்களிக்கிறது. வழங்குபவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, அனுபவத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். 2011இல் உச்ச நீதிமன்றமும் ஹஃபீஸா பீவி வழக்கில் இதனை உறுதிசெய்தது.

இவ்விலக்கு ஒரு சலுகை. ஆனால் அதிலேயே ஆபத்தும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. தந்தை உறவினர் முன்னிலையில் வாயால் கொடுத்துவிட்டு மறைகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுகளில் அன்றிருந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் தந்தையின் பெயர் மட்டுமே நிற்கிறது. பேரப்பிள்ளைகள் அறியாமலோ அறிந்தோ விற்க முற்படும்போது, அந்தப் பெண் தன் வீட்டை எதைக் கொண்டு நிறுவுவாள்? ஹிபா செல்லும் என்பது வேறு. அதை மெய்ப்பிக்க முடியும் என்பது வேறு. வாரிசுப் பங்கிலும் இதே நிலைதான். சொத்து குறைவாயினும் நிறைவாயினும் பெண்களுக்குப் பங்குண்டு என்று மார்க்கம் வரையறுத்துவிட்டது. பாகப்பிரிவினை எழுதப்படாமல் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பங்கைத் தேய்க்கிறது. விவரம் சொல்லாமல் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவதோ, பதிவுச் சட்டத்தின் பார்வையில் ஒழுங்காகத் தோன்றினாலும், அல்லாஹ்வின் முன் அமானித மோசடியே ஆகும்.

எனவே சட்டக் கல்லூரியை நாடும் நம் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவது ஒன்றே. குடும்ப அலமாரியில் இருக்கும் பழைய பத்திரங்களை எடுத்து, வரிசைப்படுத்தி, எங்கே சங்கிலி அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே, வாயால் கொடுத்ததைப் பதிவுப் பத்திரமாக்கும்படி மரியாதையுடன் கேளுங்கள். அப்படிக் கேட்பது பெற்றோர் மீதான அவநம்பிக்கை ஆகாது. எழுதிவைக்கச் சொன்ன இறைவன், ஐயம் எழாமலிருக்க அதுவே ஏற்ற வழி என்றும் காரணம் காட்டியிருக்கிறான்.