தேசிய நிலப்படம் (ஐக்கிய அமெரிக்கா)

தேசிய நிலப்படம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நிலம், நீர், உயரம் முதலியவற்றைப் பற்றிய எண்ணிமத் தரவுகளை நாடு முழுமைக்கும் சீராகத் தொகுத்து வழங்கும் அரசுத் திட்டம் ஆகும். இதனை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பிற நடுவண், மாநில, உள்ளூர் அமைப்புகளுடன் இணைந்து நடத்துகின்றது. உயரம், நீரியல், நிலப்போர்வை ஆகியன இதன் முதன்மையான அடுக்குகளுள் அடங்கும். இடப்பெயர்கள், எல்லைகள், போக்குவரத்து, கட்டமைப்புகள், வான்படிமங்கள் ஆகியனவும் இதில் உள்ளன.

வரலாறு

1879ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்நிறுவனம் நீண்ட காலம் தாளில் அச்சிட்ட நிலப்படங்களையே வெளியிட்டு வந்தது. 1947 முதல் 1992 வரை 1:24,000 அளவுத்திட்டத்தில் 55,000இற்கும் மேற்பட்ட தாள்கள் உருவாக்கப்பட்டன. இப்படங்களில் 1 செ.மீ. என்பது தரையில் 240 மீட்டரைக் குறிக்கும். ஒரு தாளைத் திருத்தி மறுபடியும் அச்சிடுவதற்குள் சாலைகளும் குடியிருப்புகளும் மாறிவிடுவது பெருங்குறையாக இருந்தது. இதற்குத் தீர்வாக 2001இல் தேசிய நிலப்படத் திட்டம் தொடங்கப்பட்டது. 2009 முதல், இத்தரவுகளிலிருந்து கணினி வழியே உருவாக்கப்படும் புதிய நிலப்படத் தாள்களும் வெளிவருகின்றன.

உயரத் தரவுகள்

நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் உயர மதிப்பை அளிப்பது எண்ணிம உயர மாதிரி எனப்படும். தொடக்கத்தில் தேசிய உயரத் தரவுத்தொகுதி பெரும்பாலும் பழைய தாள்களின் சமவுயரக் கோடுகளிலிருந்து கணிக்கப்பட்டது. இதன் கட்டங்கள் ஏறத்தாழ 30 மீட்டர் அல்லது 10 மீட்டர் அகலம் கொண்டவை. உயரத்தில் சில மீட்டர் பிழை மலைப்பகுதியில் பெரிதன்று. ஆனால் தட்டையான கடற்கரைச் சமவெளியில் ஒரு மீட்டர் வேறுபாடே ஒரு வீடு வெள்ளப் பகுதிக்குள் அடங்குமா என்பதை முடிவு செய்துவிடும்.

எனவே பிற்காலத்தில் லிடார் முறை பின்பற்றப்பட்டது. வானூர்தியிலிருந்து அனுப்பப்படும் சீரொளித் துடிப்புகள் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. சில துடிப்புகள் இலைகளின் இடைவெளி வழியே தரையை எட்டுவதால், மரங்களை நீக்கிய வெற்று நிலத்தின் வடிவம் கிடைக்கின்றது. முப்பரிமாண உயரத் திட்டம் என்னும் பெயரில் நடைபெறும் இப்பணியில், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளிகளும், ஏறத்தாழ 10 செ.மீ. உயரத் துல்லியமும் எதிர்பார்க்கப்படுகின்றன. முகில் மூட்டம் மிகுந்த அலாசுக்காவில் மட்டும் லிடாருக்குப் பதிலாக ரேடார் பயன்படுத்தப்பட்டது.

2014 மார்ச் 22 அன்று வாசிங்டன் மாநிலத்தின் ஓசோ பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 43 பேர் உயிரிழந்தனர். காட்டினுள் மறைந்திருந்த பழைய சரிவுகளின் தடங்கள் அப்பள்ளத்தாக்கின் லிடார் படிமங்களில் தெளிவாகத் தெரிந்தன. இத்தகைய தரவுகள் கிடைத்தால் மட்டும் போதாது, அவற்றைக் குடியிருப்புத் திட்டமிடலில் பயன்படுத்தவும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நீரியல் தரவுகள்

தேசிய நீரியல் தரவுத்தொகுதி ஆறுகள், ஓடைகள், ஏரிகள், கால்வாய்கள் ஆகியவற்றைக் கொண்டது. இது நிலவியல் ஆய்வு நிறுவனமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இணைந்து உருவாக்கியது. ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் 14 இலக்க எண் ஒன்று உண்டு. அதன் முதல் 8 இலக்கங்கள் வடிநிலத்தையும், எஞ்சிய 6 இலக்கங்கள் வரிசையையும் குறிக்கும். நீர் பாயும் திசையும் பதியப்பட்டுள்ளதால், ஓரிடத்தில் கலந்த மாசு கீழே எந்த ஊர்களின் குடிநீரை அடையும் என்று பின்தொடர இயலும்.

பழைய தாள்களிலிருந்து எடுக்கப்பட்ட ஓடைக் கோடுகள் லிடார் காட்டும் பள்ளங்களோடு பல இடங்களில் பொருந்தவில்லை. ஆகவே 2023 அக்டோபருடன் இத்தொகுதியின் பராமரிப்பு நிறுத்தப்பட்டது. இதற்கு மாற்றாக, உயரத் தரவுகளிலிருந்தே நீரோட்டங்களைக் கணிக்கும் முப்பரிமாண நீரியல் திட்டம் உருவாக்கப்பட்டு வருகிறது.

நிலப்போர்வைத் தரவுகள்

தேசிய நிலப்போர்வைத் தரவுத்தளம் லாண்ட்சாட் செய்மதிப் படிமங்களை அடிப்படையாகக் கொண்டது. 30 மீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு கட்டமும் காடு, புல்வெளி, பயிர்நிலம், சதுப்புநிலம், கட்டடப் பகுதி போன்ற வகைகளுள் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. முதற் பதிப்பு 1992ஆம் ஆண்டின் நிலையைக் காட்டுவது. 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் வகைப்படுத்தும் முறை மாறியதால், இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிடுதல் கூடாது. 2024இல் வெளியான ஆண்டுவாரித் தொகுப்பு, 1985 முதல் ஒவ்வோர் ஆண்டின் நிலையையும் ஒரே முறையில் தருவதால் இக்குறை நீங்கியது.

உரிமமும் பயன்பாடும்

அமெரிக்க நடுவண் அரசின் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லாததால், இத்தரவுகள் பொதுவுரிமையில் உள்ளன. இவற்றை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிப் பயன்படுத்தலாம். வெள்ள இடர் மதிப்பீடு, காட்டுத்தீ மேலாண்மை, வேளாண்மை, சாலை அமைப்பு ஆகிய துறைகளில் இவை பயன்படுகின்றன. மூன்று அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராய்வதே இவற்றின் சிறப்புப் பயனாகும். எடுத்துக்காட்டாக, சரிவு, ஓடை, கட்டடப் பகுதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மழைநீர் எங்கே விரைந்து திரளும் என்பதை மதிப்பிடலாம்.