தொகுதி இல்லாதவரின் அறிக்கை

சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்த சில நாட்களில் எங்கள் தெருவில் வழவழப்பான துண்டறிக்கை ஒன்று வரும். முகப்பில் கைகூப்பிய படம், உள்ளே நிறைவேறிய சட்டங்களின் பட்டியல். அம்மா அதைச் சமையலறை அலமாரித் தட்டில் விரித்துவிடுவார். அதில் என்ன சட்டம் இருந்தது என்று நாங்கள் இருவருமே படித்ததில்லை. அந்தச் சட்டங்களில் ஒன்றிரண்டு எங்களைப் போன்ற பெண்களைப் பற்றியவை என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதுகலை வகுப்புக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்ற அனுபவ நூலைத் திரும்பப் படித்தபோது அந்தத் தாள்கள் நினைவுக்கு வந்தன. 1930இல் வெளிவந்த அந்த நூலும் ஒருவகையில் அப்படிப்பட்ட அறிக்கைதான். சட்டமன்றத்தில் என்ன கேட்டேன், எது கிடைத்தது, எது மீதி இருக்கிறது என்று ஒரு பெண் எழுதிவைத்த கணக்கு. ஆனால் யாருக்கு? இந்தக் கேள்வியில்தான் நான் நின்றுவிட்டேன்.

அவருக்குத் தொகுதி கிடையாது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை வந்தது. ஆனால் ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும் வைக்கப்பட்டதால், சொத்தில்லாத பெண்களுக்கு அது வெறும் செய்தி. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய் தேர்தலில் நின்று தோற்றார். முத்துலட்சுமியோ இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் நியமன உறுப்பினராக உள்ளே போனார். 1927இல் அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவத் தொழிலை விட்டுப் போகத் தயங்கியவர், போன பிறகு பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனை, பெண் குழந்தைகளின் படிப்பு, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாக்களித்தவர்கள் இல்லாததால், எல்லாப் பெண்களையும் தன் தொகுதியாக எடுத்துக்கொண்டார்.

அதில் ஒரு பகுதி அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டைக் கல்லூரி முதல்வர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து 1927 நவம்பரில் முத்துலட்சுமி தீர்மானம் கொண்டுவந்தபோது, அவர் பேசியது வேற்றாரைப் பற்றி அல்ல.

அந்தத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1929இல் வந்த சட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அது பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யவில்லை. கோயில் ஊழியத்துக்கு மானியமாக விடப்பட்ட நிலத்தைப் பற்றியது. ஊழியம் செய்தால்தான் நிலம், ஊழியம் தொடர வேண்டுமானால் இன்னொரு பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அந்தச் சட்டம் வெட்டியது. ஊழியத்திலிருந்து விலகினாலும், நிர்ணயித்த தொகையைச் செலுத்தி நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானது. சோற்றுக்கு வழி செய்யாமல் ஒரு பெண்ணை வெளியே வா என்று அழைக்க முடியாது என்பதை இந்த மருத்துவர் புரிந்துவைத்திருந்தார். மேடைகளில் அவரைப் பற்றிப் பேசும்போது அவையில் அவர் கொடுத்த பதிலடிகளையே நானும் சொல்லிவந்திருக்கிறேன். இந்த நிலக் கணக்கைச் சொன்னதில்லை.

ஆனால் யாருக்காகச் சட்டம் செய்தாரோ, அவர்களில் பலர் எதிர்த்தார்கள். தேவதாசிகள் சங்கம் கூட்டி அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். முன்னணியில் பெங்களூர் நாகரத்தினம்மாள் இருந்தார். முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, அது ஆபாசம் என்ற பழியைச் சுமந்தவர். தன் சம்பாத்தியத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். எங்களை விபசாரிகளோடு ஒன்றாக எண்ணாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம், அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துப் பேசினார். 1936இல் அதை நாவலாகவும் எழுதினார். முத்துலட்சுமியின் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெண்களுக்குப் புரியும் மொழியில் கணக்குச் சொன்னவர் மூவலூரார்தான்.

1930இல், காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டார். பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் அவருடைய மசோதா கிடப்பில் போனது. சட்டமாக 1947 வரை ஆனது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் வேறொன்று நடந்தது. சதிர் பெயர் மாறி, சபா மேடைக்கு ஏறி, வேறு வீட்டுப் பெண்களின் கலையானது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்ததோடு, கோயிலுக்குள் பெண் ஆடுவதையும் குற்றமாக்கியது. கொடுமை போனது. அதோடு சேர்ந்து, அதுவரை ஆடியவர்களின் பிழைப்பும் பெயரும் போயின.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: “அந்த நிலமெல்லாம் அப்புறம் யார்கிட்ட போச்சு மேடம்?”

நல்ல கேள்வி. தேவதாசி வீடுகளில் சொத்து பெண்வழியில் இறங்கியது, குடும்பத் தலைமையும் மூத்த பெண்ணுடையதாக இருந்தது. சீர்திருத்தத்துக்குப் பின் அந்தச் சமூகத்து ஆண்களின் கை ஓங்கியது என்றும், பெண்கள் மனைவி என்ற இடத்துக்குள் ஒடுங்கினார்கள் என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடிமைத்தனத்தை உடைக்க நினைத்த சட்டம், பெண் தலைமையேற்ற ஒரு வீட்டையும் சேர்த்து உடைத்தது.

இதற்காக முத்துலட்சுமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொட்டுக்கட்டுவதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவரைப் போற்றிவிட்டு நாகரத்தினம்மாளின் விண்ணப்பத்தை மறைப்பதும் நேர்மையல்ல. சட்டம் செய்தவரின் கணக்கு ஒன்று. சட்டம் யார் மேல் விழுந்ததோ அவர்களின் கணக்கு இன்னொன்று. பெண்கள் வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

போன முறை வந்த துண்டறிக்கையை அம்மா தட்டில் விரிப்பதற்கு முன் வாங்கிப் படித்தேன். பெண்களுக்காக என்று இரண்டு வரி இருந்தது. அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்று அதில் ஒரு வரியும் இல்லை.