மலை மேல படகு, கீழே மணல்: ஏலகிரியிலிருந்து காவேரிப்பாக்கம் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேட்பாங்க: "இந்த வீக்கெண்ட் ஏதாவது லேக் பக்கம் போய் டென்ட் போடலாமா?" சென்னைக்காரங்களும் பெங்களூர்க்காரங்களும் சேர்ந்த குரூப்னா பதில் முக்கால்வாசி ஏலகிரிதான். ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கு, ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில் இருக்கு, ஊட்டி அளவுக்குச் செலவும் ஆகாது.

நானும் போனேன். பொன்னேரி பக்கம் திரும்பினதும் மலைப்பாதை தொடங்கும். 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சிருக்காங்க. ஏழு புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஏழு பேர். பாரி, ஓரி, அதியமான் எல்லாரையும் கடந்து மேலே போனா ஜில்லுனு காத்து. பேகன் போர்வையை மயிலுக்குக் குடுத்துட்டானேன்னு அப்பதான் வருத்தமா இருக்கும். மேலே புங்கனூர் ஏரி. பெடல் போட், துடுப்புப் படகு, சுத்தி நடைபாதை, குழந்தைங்களுக்குப் பூங்கா. படகுத்துறை வரிசையில எனக்கு முன்னாடி ஆம்பூர்ல இருந்து ஒரு குடும்பம். ஷூ கம்பெனியில வேலை செய்ற ஒரு அக்கா, அவங்க பசங்க ரெண்டு பேர். சின்னவன் தண்ணியைப் பார்த்துட்டுக் கேட்டான்: "அம்மா, நம்ம ஊர் ஆத்துல ஏன் போட் விடல?"

அந்த அக்கா சிரிச்சாங்க, பதில் சொல்லல. எனக்கும் அப்ப பதில் தெரியல. இந்த எபிசோட் அந்தப் பையனுக்கானதுன்னு வச்சுக்கோங்க.

முதல்ல 'கேம்ப்'ங்கிற வார்த்தை. நமக்கு அது ஜாலி. ஆனா தமிழ்நாட்டு அரசு ஆபீஸ்ல "ஐயா கேம்ப்ல இருக்கார்"னு சொன்னா என்ன அர்த்தம்? அதிகாரி சுற்றுப்பயணத்துல இருக்கார். அந்த வழக்கம் வேரூன்றின இடங்கள்ல இந்த வட்டாரமும் ஒண்ணு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அதன் நிர்வாகியாக வந்து, ஏலகிரி அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள திருப்பத்தூரில் தங்கினார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழு வருஷம் இந்தப் பகுதியில் அலைந்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, வயல் வயலாக அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் முறைக்கு இங்கேதான் அடித்தளம் போட்டார்கள். பிறகு அது ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவியது.

ஆக, அந்தக் காலத்தில் இந்தச் சீமையில் ஏரிக்கரையில் 'டென்ட் போட்ட' வெளியூர்க்காரர்களில் வரி கணக்கெடுக்க வந்தவர்களும் உண்டு. ஏரிக்கரை ஏன்? நிழல் இருக்கும், குதிரைக்குத் தண்ணீர் இருக்கும், ஊர் மொத்தத்தின் வருமானமும் அந்த ஏரியில்தான் இருக்கும். நம்மைப் போல அவங்க சன்செட் பார்க்க வரல. [சிரிப்பு] சரி, பார்த்தும் இருக்கலாம்.

ஏலகிரி கொஞ்சம் வேற கதை. அது மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. 14 சின்னச் சின்ன ஊர்கள். ஜமீன்தார் கையில் இருந்த மலையை 1950களில் அரசு எடுத்துக்கொண்டது. வண்டிப்பாதை அதற்கு அப்புறம்தான் வந்தது. பாதை வந்த பிறகுதான் விடுதி, முகாம், கோடை விழா எல்லாம். புங்கனூர் ஏரியும் மனுஷங்க அமைச்ச ஏரிதான். ஆனா கீழே இருக்கிற பழைய ஏரிகளுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கீழே உள்ளவற்றை வெட்டினவங்க மனசுல இருந்தது நெல்லு. இங்க வர்றவங்க மனசுல இருக்கிறது படகு.

இப்ப மலையிலிருந்து இறங்குவோம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுவதாகக் கணக்கு உள்ள ஆறு பாலாறு. கணக்கில் ஓடுது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் பாலங்கள் மேல நின்னு பார்த்தா பெரும்பாலான மாசம் தெரியறது மணலும் முள்ளும்தான். மணலும் நிறைய இடத்துல அள்ளிட்டாங்க.

என் பாட்டி வாணியம்பாடிப் பக்கம். அவங்க சொல்ற பாலாறு வேற. வருஷம் முழுக்கத் தண்ணி ஓடாதுதான், அது எப்பவுமே மணலுக்கு அடியில ஓடுற ஆறு. ஆனா கையால ரெண்டு அடி தோண்டினா ஊத்து வரும். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு எடுத்துட்டு ஆத்துக்குப் போவாங்க. பசங்க ஊத்துல குளிக்கும், பெரியவங்க மணல்ல படுத்துக் கதை பேசுவாங்க. டென்ட் கிடையாது, பார்பெக்யூ கிடையாது. மத்தபடி நம்ம வீக்கெண்ட் ட்ரிப்புக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. என்ட்ரி டிக்கெட்டும் இல்ல.

அந்த ஊத்து எங்கே போச்சு? மூணு காரணம் சொல்வாங்க. மேலே, மூன்று மாநிலத்திலும் தண்ணீரைத் தடுத்தது ஒன்று. 1892-லேயே மதராஸும் மைசூரும் இதைப் பற்றி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அந்தச் சண்டை இன்னைக்கும் ஆந்திரத் தடுப்பணைகள் பேரில் தொடர்கிறது. இரண்டாவது, மணல். மூணாவதுதான் நம்ம விஷயம், தோல்.

தோல் பதனிடுறது இங்கே நூறு வருஷத்துக்கும் மேலான தொழில். பழைய முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் வெளிநாட்டில் மிச்ச வேலையை முடித்துக்கொள்வார்கள். ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகச் சந்தையில் அதற்குத் தனிப் பெயர். அதுவும் ஒண்ணும் வாசனையா இருக்காது. ஆனா கழிவுல இருந்தது பெரும்பாலும் சுண்ணாம்பு, உப்பு, பட்டைச்சாறு. 1970களில் கணக்கு மாறியது. பாதி வேலை முடிந்த தோலை ஏன் மலிவாக அனுப்ப வேண்டும், முழுசாகச் செய்து அனுப்பினால் வேலையும் டாலரும் இங்கேயே தங்குமே என்று அரசு கொள்கையை மாற்றியது. சீதாராமையா குழு சொன்ன யோசனை அது. பொருளாதாரமா பார்த்தா நியாயமான யோசனை. அந்தப் படகு வரிசை அக்காவோட வேலையும் அங்கிருந்து வந்ததுதான். ஆனா அவ்வளவு தோலைச் சீக்கிரமா முடிக்கணும்னா குரோமியம் வேணும். சில நாள்ல வேலை முடியும். தண்ணியும் நிறைய வேணும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான கணக்கு.

ஆக ஆற்றுப்படுகையிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள், உப்பும் குரோமியமும் கலந்து அதையே திருப்பி விட்டார்கள். மணலுக்கு அடியில ஓடுற ஆறுன்னு சொன்னேன்ல? அதுதான் இங்க வினையா ஆச்சு. மேலே வெள்ளம் வந்தா அழுக்கை அடிச்சிட்டுப் போயிடும். அடியில ஊறுறது கிணத்துக்குத்தான் போகும்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் இந்த வழக்கைப் படிக்காமல் வெளியே வர முடியாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிப்பு உறுதியாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த வழக்கு இதுதான். தோல் ஆலைகள் உள்ள பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம். 2001-ல் அந்த ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று சொன்னது. வகுத்துப் பாருங்க. தலைக்கு 10,000 கூட வராது. தன் கிணறையே இழந்த ஒரு விவசாயிக்கு.

அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல மாட்டேன். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தணும்னு விதி வந்தது. ஆனா அதே சுத்திகரிப்பு ஏற்பாட்டுலயே 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கசடுத் தொட்டி உடைஞ்சு, தூங்கிட்டு இருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தாங்க. பெரும்பாலானவங்க மேற்கு வங்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. லேக் பத்தின எபிசோட்ல இதை ஏன் சொல்றேன்னா, நம்ம பகுதியில தேங்கி நின்ன நீரால போன உயிர்கள்ல இதுவும் சேர்த்திதான்.

சரி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம். ஆற்காடு தாண்டி, வாலாஜா தாண்டி, சென்னை நெடுஞ்சாலையில் வந்தால் காவேரிப்பாக்கம். நம்மில் பாதிப் பேர் பஸ் ஜன்னலில் இதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருப்போம். கிட்டத்தட்ட 4,000 ஏக்கர் ஏரி. எட்டு கிலோமீட்டருக்கு மேல் கரை. நிறைஞ்சா ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி தண்ணீர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்து ஏரி என்று சொல்வார்கள். அவனுடைய பட்டப்பெயர் 'அவனிநாராயணன்'. ஊருக்கும் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் இருந்தது. அதே வட்டாரத்தில் மகேந்திரவாடி. அங்கே ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, அந்தக் கோயில் 'மகேந்திர தடாகம்' என்ற ஏரியின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. ராஜா தன் பேரை ஊருக்கு வச்சார், கோயிலுக்கு வச்சார், ஏரிக்கும் வச்சார். ஏரி அந்த அளவுக்குப் பெருமை.

1752 பிப்ரவரியில் இங்கே ஒரு சண்டையும் நடந்தது. ராபர்ட் கிளைவ் படையோடு வரும்போது, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் மாந்தோப்பில் பீரங்கியை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். இருட்டுகிற நேரம். குண்டு பாய்ந்ததும் கிளைவின் காலாட்படை பதுங்க இறங்கிய இடம் ஒரு வாய்க்கால். அப்புறம் ராத்திரியில் தோப்பைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய் பீரங்கிகளைப் பிடித்தார்கள். கர்நாடகப் போரின் முக்கியமான ஒரு திருப்பத்துல ஒரு பாசன வாய்க்காலும் கூட நின்னிருக்கு பாருங்க.

1850களில் வாலாஜா பக்கம் பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு வந்தது. காவேரிப்பாக்கத்துக்கு அங்கிருந்துதான் கால்வாய். இப்ப புரியுதா? தோல் ஊர்கள் எல்லாம் மேலே, ஏரி கீழே.

இந்த ஏரி நிறையறது எப்பவாவதுதான். 2021 நவம்பர்ல நடந்தது. வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர். வாணியம்பாடியில் சுமார் 200 பேரைக் கொன்ற 1903 வெள்ளத்துக்குப் பிறகு இவ்வளவு பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். வீடுகள் போச்சு, பயிர் போச்சு. ஆனாலும் ஏரி கோடி போகுதுன்னு தெரிஞ்சதும் ஜனங்க வண்டி கட்டிட்டுப் போனாங்க. இது நம்ம ஊர்ப் பழக்கம். ஏரி நிறைஞ்சு கலங்கல்ல வழியறதைப் பார்க்கக் குடும்பத்தோட போறது, பூ தூவிக் கற்பூரம் ஏத்துறது, பசங்க மீன் பிடிக்கிறது, யாரோ ஒருத்தர் வடை சட்டி போட்டுடறது. இதை டூரிசம்னு யாரும் கூப்பிடல. தண்ணி வந்துச்சான்னு சொந்தக்காரங்க வந்து பார்க்கிற மாதிரி அது.

வழக்குக்கு வருவோம், அது இன்னும் முடியல. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மிச்ச இழப்பீட்டை ஆறு வாரத்தில் அரசு கொடுக்கணும், பிறகு ஆலைகளிடம் வசூலிச்சுக்கணும். பாலாற்றைச் சீரமைக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. முதல் மனு போட்டதுலேர்ந்து இதுக்கு 34 வருஷம். அப்ப பிறந்த குழந்தைக்கு இப்ப நம்மைவிட வயசு அதிகம்.

ட்ரிப் போறவங்களுக்கு ஒரு விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கும் மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாகின. வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு தளத்துல ஏலகிரி சுவாமிமலை பாதையும் ஜலகாம்பாறை பாதையும் இருக்கு. பதிவு பண்ணிட்டு வழிகாட்டியோட போங்க. காப்புக்காட்டுக்குள்ள சொந்தமா டென்ட் போட்டுத் தீ மூட்டாதீங்க. ஜலகாம்பாறைக்கு மழை முடிஞ்ச மாசங்கள்ல போனாதான் அருவி, கோடையில போனா வெறும் பாறை. இறங்கி வரும்போது ஆம்பூர்ல பிரியாணி சாப்பிடுவீங்க, நான் சொல்லணுமா?

நான் இறங்கி வரும்போது அந்தக் குடும்பத்தைத் திரும்பவும் பார்த்தேன், ஜோலார்பேட்டை பிளாட்பாரத்துல. பையன் கையில பிளாஸ்டிக் படகு. ரயில் வாணியம்பாடி பக்கம் வந்தப்ப ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டே இருந்தான்.

உங்க ஊர் ஏரி கடைசியா எந்த வருஷம் கோடி போச்சு? வீட்டுல பெரியவங்களைக் கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடறோம்.