கிளியும் கூண்டும் – ஒரு சின்ன வரலாறு

கிளிக்கு என்ன பிடிக்கும்னு யாரைக் கேட்டாலும் டக்குன்னு பதில் வரும். மிளகாய்ப்பழம், கொய்யாப்பழம், வேர்க்கடலை. கொஞ்சம் விவரமான ஆளுன்னா சூரியகாந்தி விதையும் சேர்த்துக்குவார். எங்க வடமதுரைப் பக்கம் கேட்டா, விளைஞ்ச மக்காச்சோளக் கதிரைச் சொல்லித் தலையில அடிச்சுக்குவாங்க. இந்த அஞ்சுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. அஞ்சுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு! 1492ல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகு, ஐரோப்பியர் கப்பல்களில் ஏறி நம்ம ஊருக்கு வந்ததுதான் எல்லாமே.

அதாவது, "கிளின்னா மிளகாய்"ங்கறதெல்லாம் போன நானூறு, ஐநூறு வருஷக் கதை. (பறவைகளுக்குக் காரம் உறைக்காது. மிளகாயின் காரத்தை உணர்கிற அமைப்பு நமக்கு வேலை செய்யற மாதிரி அதுங்களுக்குச் செய்யாது. அதனால கிளி வீரமா மிளகாய் தின்னுதுன்னு யாரும் மெச்சிக்க வேண்டாம் :-))

அப்போ அதுக்கு முன்னாடி கிளி எதைத் தின்னுச்சு? தினை. கிளியோட தமிழ் வரலாறே அங்கேதான் ஆரம்பிக்குது, கூண்டுல இல்ல.

சங்கப் பாடல்களில் கிளி முதல்ல ஒரு எதிரி. குறிஞ்சி நிலத்துல தினை கதிர் பிடிச்சதும் பெண்களைக் காவலுக்கு அனுப்புவாங்க. பரண் மேல உட்கார்ந்து, குளிர், தட்டைன்னு சத்தம் எழுப்பற கருவிகளைத் தட்டியும், கவண்கல் வீசியும் கிளி ஓட்டணும். ஐங்குறுநூறுல கபிலர் பாடின குறிஞ்சிப் பகுதியில "கிள்ளைப் பத்து"ன்னு கிளிக்குன்னே பத்துப் பாட்டு இருக்கு. காவல்னு ஒண்ணு இருந்ததாலதான் காதலர்கள் சந்திக்கவே முடிஞ்சது. தினை அறுத்துட்டா காவல் முடிஞ்சது, சந்திப்பும் முடிஞ்சது. வள்ளியை முருகன் பார்த்ததும் தினைப்புனத்துலதான். கிளி மட்டும் தினை தின்ன வரலைன்னா தமிழ் இலக்கியத்துல பாதிக் காதல் நடந்தே இருக்காது!

திண்டுக்கல் சமவெளியில இன்னிக்கும் அந்தக் காவல் முழுசா ஒழியல. தினை, சோளம் இருந்த காடுகள்ல பலதுல இப்போ மக்காச்சோளம். கவணுக்குப் பதிலா தகர டப்பா, பளபளன்னு மின்னுற ரிப்பன். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வச்சிருக்கறவங்ககிட்ட "கிளி எவ்வளவு அழகு"ன்னு சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி.

சரி, வயல்ல விரட்டின அதே கிளி எப்போ வீட்டுக்குள்ள வந்துச்சு?

இதுதான் ஆரம்பம்னு தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஆனா நல்ல சாட்சிகள் இருக்கு. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்துல 64 கலைகளைப் பட்டியல் போடறார். அதுல ஒண்ணு, கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கத்துக்குடுக்கறது. பாட்டு, நடனம் மாதிரி அதுவும் ஒரு படிப்பு! நம்ம பக்கத்து சாட்சி ஆண்டாள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில்னு சொல்றாங்க. நாச்சியார் திருமொழியில ஒரு கூண்டுக்கிளி வருது. அது ஓயாம பெருமாள் பேரைச் சொல்லிக்கிட்டே இருக்கு. பிரிவுல வாடற பெண்ணுக்கு அதைக் கேட்கக் கேட்க வேதனை. தண்டனையா சோறு போடாம விட்டா, அது இன்னும் சத்தமா அவன் பேரையே கூவுது.

பக்தியை ஒரு நிமிஷம் ஓரமா வச்சிட்டு இந்த இடத்தை வீட்டு வரலாறா பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம வீடுகள்ல கூண்டு இருந்திருக்கு, கிளிக்குப் பேச்சு பழக்கியிருக்காங்க, பேசினது பிடிக்கலைன்னா சாப்பாட்டை நிறுத்தியிருக்காங்க. இன்னிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கையில தினமும் புதுசா ஒரு கிளி. உயிருள்ளதில்ல, இலைகளால கட்டினது, மூக்குக்கு மாதுளம்பூ. பாதிப்பு இல்லாத ஒரே வளர்ப்புக்கிளி அதுதான்னு தோணுது.

வெளிநாட்டுக்காரங்க கதை இன்னும் சுவாரசியம். கி.மு. 400 வாக்கில் பாரசீக அரசவையில வைத்தியரா இருந்த தெசியாஸ்னு ஒரு கிரேக்கர், இந்தியாவுல மனுஷ மாதிரி பேசற பறவை இருக்கு, அது இந்திய மொழி பேசும், கிரேக்கம் கத்துக்குடுத்தா கிரேக்கமும் பேசும்னு எழுதி வச்சார். அலெக்சாந்தரோட கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் கிளியைப் பெரிய அதிசயமா வர்ணிச்சார். சில நூறு வருஷம் கழிச்சு அதை எடுத்து எழுதின அர்ரியன், "கிளியை நானே நிறையப் பார்த்திருக்கேன், இதுல என்ன அதிசயம்"ங்கற தொனியில தாண்டிப் போயிடறார். அதுக்குள்ள ரோமாபுரி வீடுகள்ல இந்தியக் கிளி சாதாரணமாயிடுச்சு.

முதல் நூற்றாண்டுல ரோமாபுரியின் பிளினி எழுதினதுதான் மனசை உறுத்தற விஷயம். இந்தியாவுல இருந்து வர்ற பச்சைப் பறவை, கழுத்துல சிவப்பு வளையம், சக்கரவர்த்திக்கு வணக்கம் சொல்லும்னு வர்ணிச்சிட்டு, பேசக் கத்துக்குடுக்கும்போது இரும்புக் கம்பியால தலையில அடிப்பாங்க, இல்லைன்னா அதுக்கு அடி உறைக்காதுன்னு சர்வசாதாரணமா சொல்றார். "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை"ன்னு நாம சிரிக்கறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னாடி சில இடத்துல பட்டினி, சில இடத்துல இரும்புக்கம்பி.

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். மதுரை மீனாட்சியம்மன் கோயில்ல பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்துல கிளிக்கூண்டு மண்டபம் இருக்கு. நாயக்கர் காலக் கட்டுமானம். அம்மன் கையில கிளி, அதனால மண்டபத்துல நிஜக் கிளிகளைக் கூண்டுல வச்சு "மீனாட்சி"ன்னு சொல்லப் பழக்கியிருந்தாங்க. எங்க ஊர்ப் பெரியவங்க பல பேர் சின்ன வயசுல அதைப் பார்த்த கதையைச் சொல்வாங்க. இப்போ அங்கே கிளி இல்ல, பேர் மட்டும் நிக்குது.

அப்புறம் கிளி ஜோசியம். வடமதுரை சந்தையானாலும் சரி, பழனி பாதயாத்திரை வழியானாலும் சரி, மரத்தடியில ஒரு சின்ன மரப்பெட்டி, முன்னாடி சீட்டுக்கட்டு. கதவு திறந்ததும் கிளி வெளியே வந்து, சீட்டை எடுத்துக் குடுத்துட்டு, ஒரு நெல்லோ தினையோ வாங்கிக்கிட்டுத் தானாவே உள்ளே போயிடும். திறந்த கதவு வழியா பறக்காம திரும்பி உள்ளே போகுதேன்னு சின்ன வயசுல எனக்கு ஆச்சரியமா இருக்கும். ரகசியம் ஒண்ணும் இல்ல. இறகை வெட்டியிருப்பாங்க. அதோட, அதுக்குத் தெரிஞ்ச ஒரே பத்திரமான இடம் அந்தப் பெட்டிதான்.

கிளி விஷயத்துல முக்கியமான பாயிண்டே இதுதான்னு நினைக்கிறேன். கூண்டு நமக்குச் சிறை. பல வருஷம் இருந்த கிளிக்கு அது வீடு. இதை நான் நேர்ல பார்த்தது எங்க தெருவுல ஒரு பெரியம்மா வீட்டுல. பனைமரம் சாஞ்சப்போ கிடைச்ச குஞ்சுன்னு யாரோ கொண்டுவந்து குடுத்து, பத்து வருஷமா ஒரு உருண்டைக் கம்பிக்கூண்டுல இருந்துச்சு. கூண்டு துருப்பிடிச்சதும், அவங்க மகன் திண்டுக்கல்ல இருந்து பெரிய சதுரக் கூண்டு வாங்கிட்டு வந்தார். பழசைவிட நாலு மடங்கு பெருசு. கிளி குஷியாயிடும்னு எல்லாரும் எதிர்பார்த்தோம். அது ஒரு மூலையில கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, இறகை ஒடுக்கிக்கிட்டு, சத்தமே இல்லாம, தின்னாம இருந்துச்சு.

"பரவால்லயே, சத்தம் போடாம பழகிருச்சு"ன்னார் மகன். பெரியம்மா ஒத்துக்கல. "அது பழகலப்பு, பயந்து கெடக்கு"ன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி. காட்டுல கிளி இரையாகிற பறவை. பழக்கமில்லாத பொருள்னாலே அதுக்கு ஆபத்துதான். பயந்த கிளி கத்தணும்னு அவசியமில்ல, அசையாம இருக்கும். அமைதின்னு நாம நினைக்கறது பல நேரம் பீதி.

பெரியம்மா கிளியைத் திரும்பப் பழைய கூண்டுலயே விட்டுட்டு, புதுசைப் பக்கத்துல வச்சாங்க. பழைய கூண்டுல இருந்த வேப்பங்குச்சியையும் கொட்டாங்குச்சியையும் புதுசுக்கு மாத்தினாங்க. ரெண்டு பக்கம் சுவர் வர்ற மாதிரி மூலையில தள்ளி, மேல ஒரு பழைய சேலையைப் பாதி போர்த்தினாங்க. ரெண்டு கதவையும் எதிரெதிரா திறந்து வச்சுட்டு, கோவைப்பழத்தைப் புதுக் கூண்டுல மட்டும் வச்சாங்க. கையால பிடிச்சுத் தள்ளவே இல்ல. கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆச்சு. ஒருநாள் சாயங்காலம் தானா போய் உட்கார்ந்துச்சு. பறவை வளர்ப்புப் புத்தகங்கள்ல இன்னிக்கு எழுதியிருக்கற முறையும் ஏறக்குறைய இதேதான். உருண்டைக் கூண்டுல ஒதுங்க மூலை கிடையாது, குச்சி பல தடிமன்ல இருந்தா பாதத்துக்கு நல்லது, அடுப்படியில கூண்டு வைக்கக் கூடாது (நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமா சூடேறினா வர்ற புகை பறவையைக் கொன்னுடும்). இவ்வளவுதான் கூடுதல் விவரம்.

ஆனா வரலாறு அதோட முடியல. சட்டம் வந்துச்சு.

1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம பச்சைக்கிளியும், அதாவது செந்தார்ப் பைங்கிளியும், பட்டியல்ல இருந்துச்சு. 1991 திருத்தத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுக் காட்டுப் பறவைகளை விக்கறதும் வாங்கறதும் மொத்தமா தடை. ஆனாலும் யாரும் பெருசா கண்டுக்கல. 2022ல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1ல் இருந்து அமலுக்குக் கொண்டுவந்தாங்க. நாலாம் பட்டியல்ல இருந்த கிளி இரண்டாம் பட்டியலுக்கு ஏறிடுச்சு. அந்த வருஷம் மதுரை உட்பட பல ஊர்கள்ல, வீட்டுக் கிளிகளை ஒப்படைச்சிடுங்கன்னு வனத்துறை அறிவிச்சது. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல கடலூர்ல ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவர் மேல நடவடிக்கை எடுத்து, கிளிகளையும் எடுத்துக்கிட்டாங்க. (ஜெயிப்பார்னு சீட்டு சொன்ன அந்த வேட்பாளர் தோத்துட்டார்!)

பெரியம்மா 2023லயே குடுத்துட்டாங்க. "இத்தனை வருஷம் வளர்த்துட்டு எப்படிக் குடுப்பேன்"னு ரெண்டு நாள் அழுதாங்க. அப்புறம் அந்தப் பெரிய கூண்டோடயே, அதே வேப்பங்குச்சியோட கொண்டுபோகச் சொன்னாங்க. "புது எடம், பழசு ஏதாச்சும் கூட இருக்கட்டும்"னு.

"இதை உடனே திறந்துவிட்டா என்ன?"ன்னு கேட்கறவங்களுக்கு: அது விடுதலை இல்ல, பூனை கையில குடுக்கறதுதான். பல வருஷம் கூண்டுல இருந்த கிளிக்குப் பறக்கற தசையில பலம் இருக்காது, இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டா ஒளியத் தெரியாது, மனுஷனைக் கண்டா கிட்டப் போகும். அதனால முதல்ல பெரிய பறவைக்கூடத்துல மத்த கிளிகளோட விட்டு, வெட்டின இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிற வரை காத்திருந்து, பறக்க வச்சுப் பார்த்து, அப்புறம்தான் விடணும். தேறாததை அங்கேயே வச்சுப் பராமரிக்கணும். விடுதலைக்கும் ஒரு புதுக் கூண்டு தேவைப்படுது.

கிளியால முடியுமான்னு சந்தேகம் இருந்தா லண்டனைப் பாருங்க. வளர்ப்புக் கிளிகள் தப்பியும், திறந்து விடப்பட்டும் அங்கே காட்டுல பெருகிடுச்சு. இங்கிலாந்துல 1969ல் இருந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குது. கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைத் திறந்து விட்டதுதான் ஆரம்பம்னு ஒரு கதை உண்டு. 2019ல் வந்த ஆய்வு அதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. எப்படியோ, நம்ம தினைப்புனத்துக் கிளியோட சொந்தக்காரங்க பனி பெய்யற பூங்காவுல கூட்டம் கூட்டமா திரியறாங்க. பழகற திறமை அதுக்கு எப்பவும் இருந்திருக்கு. அவசரப்படுத்தாம விடணும், அவ்வளவுதான்.

ரெண்டாயிரம் வருஷமா நம்ம மொழிக்கு, நம்ம சாப்பாட்டுக்கு, நம்ம பெட்டிக்குப் பழகச் சொல்லிக் கிளியைக் கேட்டோம். அதுவும் பழகிச்சு. இப்போதான் முதல் தடவையா, கிளி இல்லாத திண்ணைக்குப் பழகச் சொல்லிச் சட்டம் நம்மைக் கேக்குது. கஷ்டம்தான். ஆனா ஐப்பசி, கார்த்திகையில எங்க ஊர் மக்காச்சோளக் காட்டுப் பக்கம் வாங்க. காலையில ஆறு மணிக்கு கீகீன்னு கத்திக்கிட்டு ஒரு கூட்டமே தலைக்கு மேல போகும், பின்னாடியே டப்பா தட்டற சத்தமும் வரும். கபிலர் காலத்துல இருந்து கேக்கற சத்தம்தான். அந்தச் சண்டை நியாயமானதுன்னு எனக்குத் தோணுது. அதுல கிளிக்கும் ஜெயிக்க ஒரு வழி இருக்கே.