ஆஸ்டின் டவுன் வீடுகளில் கீசர்: காத்திருக்கும் வெந்நீருக்கு ஆகும் கரண்ட்

1. எல்லை

மின்சாரத்தை வெப்பமாக்கிச் சேமித்து வைக்கும் வீட்டுக் கருவிகள் இருவகை. ஒன்று அறைக்கு, மற்றது தண்ணீருக்கு. பிரிட்டனில் 1978-இல் வந்த எகானமி 7 கட்டணத்தில் இரவு ஏழு மணி நேரம் கரண்ட் மலிவு. அந்த நேரத்தில் கனமான செங்கற்களைச் சூடேற்றி, அந்தச் சூட்டைப் பகலில் அறைக்குள் மெல்ல விடும் ஹீட்டர்கள் அங்கே பரவின. பெங்களூருக்கு அது வேண்டியதில்லை. இந்நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13-இல். வழக்கமான ஜனவரி விடியலில் 15, 16 டிகிரி இருக்கும். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் அதைச் சமாளித்துவிடும். மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வதுதான் ஆகாத காரியம். எனவே இக்கட்டுரை தண்ணீரைச் சேமித்துச் சுடவைக்கும் கீசரைப் பற்றியது.

2. களம்

ஆஸ்டின் டவுன் பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். கன்னட அகராதி தந்த கிட்டல் பாதிரியார் பெயரைப் பிறகு இதற்குச் சூட்டினார்கள். பேச்சில் இன்னும் ஆஸ்டின் டவுன்தான். சிறிய மனை, அதன்மேல் அடுக்கடுக்காகப் போர்ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், தனி ஆர்.ஆர். நம்பர் (மின் இணைப்பு எண்). குளியலறைச் சுவரில் 10 அல்லது 15 லிட்டர் கீசர். ஒரு காலத்தில் அண்டாவுக்கு விறகும் தாமிர பாய்லருக்குக் கரியும் வேண்டியிருந்தன. சோலார் வெந்நீருக்குப் பெயர்போன ஊர்தான் பெங்களூர். ஆனால் அது மாடி உரிமை உள்ளவர்களுக்கு. கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கு மாடியிலிருந்து வெந்நீர் இறங்கி வருவதற்குள் குழாயில் கிடந்த பச்சைத் தண்ணீர் ஒரு வாளி வீணாகிவிடும்.

3. சுடவைக்கும் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 1.163 வாட்-மணி ஆகும். எந்தக் கம்பெனி கீசர் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. 15 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.66 யூனிட், 2 கிலோவாட் காயிலுக்கு 20 நிமிட வேலை. அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 42 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு வாளி வரும்.

ஒரு வாளிக் குளியலுக்கு 0.35 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 1.4, மாதத்துக்கு 42 யூனிட். இதே குடும்பம் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரின்கீழ் ஆளுக்கு 8 நிமிடம் நின்றால் மாதத்துக்கு 180 யூனிட்டை நெருங்கும். கீசரின் தரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், வாளியா ஷவரா என்பதைவிடப் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

4. காத்திருக்கும் கணக்கு

சூடான தொட்டி சும்மா இருந்தாலும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர முத்திரை அளப்பது இதைத்தான்: வெளிக்காற்றைவிட 45 டிகிரி அதிகமான சூட்டில் தொட்டியை 24 மணி நேரம் வைத்திருந்தால் எத்தனை யூனிட் போகும் என்பது. உதாரணமாக அந்த எண் 0.6 என்றால், 22 டிகிரிக் காற்றில் நாள் முழுதும் 60 டிகிரியில் ஆன் செய்துவைத்த கீசர் ஒருவர்கூடக் குளிக்காமலேயே மாதம் 15 யூனிட் தின்னும். தெர்மோஸ்டாட்டை 75-க்குத் திருப்பினால் அது 21 ஆகும்.

"அடிக்கடி ஆன், ஆஃப் பண்ணினால்தான் கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்" என்று எலக்ட்ரீஷியன்களே சொல்வதுண்டு. அது தவறு. தொட்டிக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்ததே இழப்பு. ஆறிய தொட்டி குறைவாகவே இழக்கும். மறுபடி சுடவைக்கும்போது இழந்ததைத்தான் ஈடுகட்டுகிறோம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தண்ணீர் சூடாகிச் சிவப்பு விளக்கு அணைந்தபின் குழாயைத் திறக்காமல் நான்கு மணி நேரம் விட்டுவையுங்கள். இடையில் விளக்கு எரிந்த நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 கிலோவாட் கீசரில் மூன்று நிமிடம் எரிந்திருந்தால் 0.1 யூனிட், நாளுக்கு 0.6.

ஆகவே வழி இதுதான்: குளிக்க 20 நிமிடம் முன்பு சுவிட்சைப் போட்டு, வீட்டார் ஒருவர்பின் ஒருவராகக் குளிக்க வேண்டும். கடைசி ஆள் உள்ளே போகுமுன் அணைத்துவிடலாம். அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர் மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளிவிடும், அவர் ஒரு வாளிக்கு அது போதும். ஷாக் பயமும் இல்லை. காலை 6-க்கு ஒருவர், 9-க்கு ஒருவர், 11-க்குப் பாட்டி என்று குளிக்கும் வீட்டில்தான் கரண்ட் ஒழுகும்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்குக் காத்திருப்பு இழப்பே கிடையாது. சிக்கனத்தில் அதுவே முதல். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

5. இருநூறு யூனிட்

2023-இல் நடைமுறைக்கு வந்த, கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி இந்தக் கணக்குக்குப் புதுப் பொருள் தந்தது. பொதுவாக 2022-23-இன் மாதச் சராசரியோடு 10 சதவீதம் கூட்டியதே ஒரு வீட்டின் இலவச அளவு. அதைத் தாண்டினால் கூடுதலுக்குக் கட்டணம்; 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். சராசரி 120 இருந்த வீட்டுக்கு இலவசம் 132. அதன்பின் கீசர் வாங்கியவருக்கு 12 யூனிட்தான் இடம். வாளிக் குளியலே அதைக் கடந்துவிடும். ஷவர் 200-ஐயும் கடக்கும்.

6. பராமரிப்பு

தொறேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டர் ஏறி வரும் காவேரித் தண்ணீரைவிட போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். போர்வெல்லில் நிரப்பிய டேங்கர் தண்ணீர் இறக்கும் வீட்டில் காயில் மேல் வெள்ளைப் படிவு கட்டும். இதனால் கரண்ட் பெரிதாக வீணாவதில்லை. காயிலின் சூடு எப்படியும் தண்ணீருக்குள்தான் போகிறது. ஆனால் படிவுக்குள் காயில் அளவுமீறிச் சூடாகிச் சீக்கிரம் எரிந்துபோகும். தெர்மோஸ்டாட்டை 60-இல் வைத்தால் படிவு குறையும். அதைவிட ரொம்பக் குறைத்துக் கிருமிக்கு இடம்கொடுக்கவும் கூடாது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியத் தண்டை, அது கரைந்து தீருமுன் மாற்ற வேண்டும். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் செருகுவது தீயை விலைக்கு வாங்குவது. கரண்டை மிச்சம் பிடிக்கக் கேஸ் கீசருக்கு மாறுபவர்கள், ஜன்னலில்லாக் குளியலறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

7. யார் வாங்குவது, யார் கட்டுவது

ஆஸ்டின் டவுன் போன்ற வாடகைப் பகுதியில் கீசரை வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். கடையில் விலை குறைந்ததை எடுப்பது வீட்டுக்காரருக்கு லாபம். அதன் காத்திருப்பு இழப்பு பத்து வருடம் குடியிருப்பவர் மீட்டரில் ஓடும். குடியிருப்பவர் கையில் இருப்பது சுவிட்ச் மட்டுமே. பல குளியலறைகளில் அதுவும் கை எட்டாத உயரத்தில், லாஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் முத்திரையில் உள்ள இழப்பு எண்ணைப் படித்து கீசரை வாங்கட்டும். சுவிட்சைக் குளியலறைக் கதவுக்கு வெளியே, எட்டும் உயரத்தில் வைத்துக் கொடுக்கட்டும்.