ஒயரின் மேலுறை



சென்ற வாரம் கோலா தெர்லாவில் குடியிருப்பின் பின்புறம் கரும்புகை எழக் கண்டேன். பழைய ஒயர்களை எரித்துச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தனர். என் மாணவர் இருவரும் அருகில் நின்றனர். செம்புக்கு விலையுண்டு, மேலுறையை யார் நினைக்கிறார்கள்? அதன் வரலாறோ நம் மலாயாக் காட்டில் தொடங்குகிறது.

1843இல் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து கட்டாபெர்ச்சா என்ற மரப்பாற்பிசினை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக்கம்பிக்கு அதுவே உறையாயிற்று. 1871 வாக்கில் சென்னையையும் பினாங்கையும் இணைத்த கம்பிக்கும் அதுவே. நம் முன்னோர் கப்பலில் பல நாள் அலைக்கழிந்து கடந்த கடல் அது! ஆனால் ரப்பரைப்போல் சீவிப் பால் வடிக்க இயலாமையால் மரங்களையே வெட்டிச் சாய்த்தனர். காடுகள் வெறுமையாயின.

இன்று வீட்டு ஒயர்களின் உறை பெரும்பாலும் பிவிசி. அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் எழுகின்றன. டையாக்சின் உருவாவதற்கு அந்தச் செம்பே துணைபோகிறது. முறையான ஆலையில் தீயே இல்லை. ஒயரை நறுக்கி, அரைத்து, எடை வேற்றுமையால் செம்பையும் நெகிழியையும் பிரிக்கின்றனர். மலேசியச் சட்டம் 2005 முதல் மின்னணுக் கழிவை அட்டவணைக் கழிவுகளுள் சேர்த்துள்ளது.

அவ்விரு மாணவரிடமும் இதைச் சொன்னேன். மறுநாள் ஒருவன் அறுந்த சார்ஜர் ஒயரொன்றை நீட்டி, "டீச்சர், இத எரிக்கல" என்றான். அதற்கென வகுப்பின் மூலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.